ஆறாயிரம் ரூபாய்க்குள் ரோட்டரி பாலிஷர்: புதிதாகக் கற்றுக்கொள்பவன் எதைப் பார்த்து வாங்குவது?

கொருக்குப்பேட்டை பையன்:

எல்லோருக்கும் வணக்கம். எண்ணூர் விரைவுச்சாலைப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். லீவு நாளில் கார் பாலிஷ் வேலையைக் கற்றுக்கொண்டு, கை படிந்ததும் தெரிந்தவர்களுக்குச் செய்து கொடுத்து நாலு காசு பார்க்கலாம் என்று எண்ணம்.

முதல் வண்டி மாமாவுடைய கருப்பு ஸ்விஃப்ட். போன மாதம் ஒரு வாட்டர் வாஷ் கடையில் கொடுத்து மெஷின் பாலிஷ் போட்டார். கடைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் பளபளவென்று இருந்ததாம். மறுநாள் வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க வளைவு வளைவாக வெள்ளைக் கோடு. நாம் நகர்ந்தால் கோடும் கூடவே நகர்கிறது. கடையில் போய்க் கேட்டதற்கு, "கருப்பு வண்டி என்றால் அப்படித்தான் சார்" என்று சொல்லிவிட்டார்கள். மாமா கடுப்பில் இருக்கிறார்.

என் பட்ஜெட் 6,000 ரூபாய். பேட், காம்பவுண்டு (பெயிண்டைத் தேய்க்கிற பசை) எல்லாம் இதற்குள் வந்தாக வேண்டும். ஆன்லைனில் மூவாயிரம் சொச்சத்துக்கு 1,200 வாட், 1,400 வாட், 1,600 வாட் என்று வரிசையாகப் பாலிஷர் வருகிறது. வாட் அதிகமாக இருப்பதை வாங்கினால் போதுமா? கூட வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர், "எதுக்குடா செலவு, சும்மா கிடக்கிற நாலு இஞ்ச் கிரைண்டரில் ஒரு ஸ்பீடு ரெகுலேட்டரை மாட்டி, ஸ்பாஞ்சு பேடைப் போட்டு ஓட்டு" என்கிறார்.

டிஏ (டூயல் ஆக்‌ஷன்) மெஷின் வாங்கச் சொல்கிறவர்களும் உண்டு. நான் ரோட்டரியைக் கேட்பதற்குக் காரணம், வியாசர்பாடியில் சொந்தக்காரர் ஒருவர் டிங்கரிங், பெயிண்டிங் ஷெட் வைத்திருக்கிறார். கற்றுக்கொண்டால் பெயிண்ட் அடித்த பேனலுக்கு ஃபினிஷிங் வேலை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே எல்லோரும் ரோட்டரிதான் ஓட்டுகிறார்கள்.

பெரம்பூர் வாசுகி:

தம்பி, ஷெட் வேலை என்ற ஒன்று இல்லையென்றால் யோசிக்காமல் டிஏ வாங்கு என்றுதான் சொல்லியிருப்பேன். நான் சொந்த வண்டிக்கு மட்டும் செய்கிறவள், அடுக்குமாடியின் பார்க்கிங்கில்தான் என் வேலை எல்லாம். டிஏவில் பேட் தன் அச்சில் சுற்றிக்கொண்டே, அந்த அச்சும் சின்ன வட்டமாக ஆடும். கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டால் சுற்றுவது நின்று வெறுமனே அதிரும், பெயிண்ட் தப்பித்துவிடும். ரோட்டரி ஒரே அச்சில் சுற்றுவது, அப்படி நிற்காது. அழுத்துகிற இடத்தைச் சூடாக்கித் தின்றுவிடும்.

உன் மாமா வண்டியில் இருக்கிற கோட்டை எடுக்க டிஏவே போதும். ஆனால் புது பெயிண்டில் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) போட்ட தடத்தை டிஏவை வைத்துக்கொண்டு எடுப்பதற்குள் பொழுது போய்விடும். அதனால் உன் விஷயத்தில் ரோட்டரிதான் சரி என்று எனக்கும் படுகிறது. எந்த மாடல் என்பதை வேலை தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

மூலக்கடை பெயிண்டர்:

தம்பி, முதலில் வாட்டை மறந்துவிடு. அட்டைப்பெட்டி மேல் பெரிதாக அச்சடிப்பது வாட், அதற்கு அடுத்தபடி அதிகபட்ச ஆர்பிஎம். இரண்டும் கடைக்காரனுக்கு உதவும், உனக்கு உதவாது. கார் பெயிண்டில் 2,000 சுற்றைத் தாண்ட வேண்டிய வேலை, தினமும் இதே பிழைப்பாக இருக்கிற எனக்கே அபூர்வம். நீ பார்க்க வேண்டிய எண் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும்: இந்த மெஷின் எவ்வளவு மெதுவாகச் சுற்றும்? 600, 700 என்று போட்டிருந்தால் கையில் எடு. ஆயிரத்துக்கு மேல்தான் ஆரம்பமே என்றால் அங்கேயே வைத்துவிட்டு வா.

ஏன் என்று சொல்கிறேன். ஆறு இஞ்ச் பேட் 1,500 சுற்றில் ஓடும்போது அதன் ஓரம் மணிக்கு சுமார் 43 கிலோமீட்டர் வேகத்தில் பெயிண்டைத் தேய்க்கிறது. 3,000-க்குத் திருப்பினால் 86. பேடின் நடுப்புள்ளியோ இருந்த இடத்திலேயே திரும்பிக்கொண்டிருக்கிறது. ஆக, வெட்டுவதெல்லாம் ஓரம்தான், அதுவும் ஒரே திசையில். மாமா வண்டியில் தெரிகிற கோடு அதுதான். அதற்கு ஹாலோகிராம் என்று பெயர். வுல் பேடைப் போட்டு, கட்டிங் காம்பவுண்டைத் தடவி, வேகமாக ஓட்டியிருப்பார்கள். அதற்குப் பிறகு மெல்லிய ஃபோம் பேடில், நைஸ் பாலிஷில், மெதுவான வேகத்தில் ஒரு சுற்று போயிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் மேலே வேக்ஸைப் பூசி சாவியைக் கொடுத்துவிட்டார்கள். வேக்ஸும் காம்பவுண்டில் இருக்கிற எண்ணெயும் கோட்டைக் கொஞ்சம் மூடி வைத்திருக்கும், இரண்டு வாஷில் மிச்சமும் வெளியே வந்துவிடும். கருப்பு வண்டி மேல் பழியைப் போடுவது இந்தத் தொழிலில் ரொம்ப நாள் பழக்கம். கருப்பில் தெரியும், வெள்ளையில் தெரியாது. தப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

அந்தக் கடைசிச் சுற்றை 600-க்கும் 1,000-க்கும் நடுவில்தான் ஓட்ட வேண்டும். காம்பவுண்டை முதலில் பரப்புவதும் அந்த வேகத்தில்தான், இல்லையென்றால் பக்கத்துச் சுவரெல்லாம் தெறிக்கும். வெட்டுகிற நேரத்துக்கு மட்டும் 1,200 முதல் 1,500. இப்போது சொல், 1,600 வாட் மெஷின் 3,500 சுற்று ஓடினால் உனக்கு என்ன லாபம்?

இன்னொன்று, அந்த மெதுவான வேகம் அழுத்தினாலும் நிற்க வேண்டும். விலை குறைந்த மெஷின்கள் இங்கேதான் காலை வாரும். டயலில் 1 என்று வைத்தால் காற்றில் அழகாகச் சுற்றும், பேனலில் வைத்ததும் திணறும். நீ உடனே டயலை ஏற்றுவாய், கையைத் தூக்கினதும் பேட் பாய்ந்து ஓடும். ஆன்லைனில் வாங்காமல் பாரிமுனைக்குப் போ, லிங்கி செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு பக்கம் டூல்ஸ் கடைகளில் ஓட்டிக் காட்டச் சொல். ஸ்விட்சை அழுத்தினதும் மெஷின் கையை முறுக்குகிறதா, இல்லை மெதுவாகக் கிளம்பி வேகம் பிடிக்கிறதா என்று பார். பேடை மாட்டி ஒரு அட்டைப்பெட்டி மேல் வைத்து அழுத்து. சத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று காதால் கேட்டாலே தெரிந்துவிடும். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் அடுத்த கடை.

பெரிய கம்பெனி மெஷின்களை ஏன் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்றால் இதற்காகத்தான். மகிடா 9237சி, டிவால்ட் டிடபிள்யூபி849எக்ஸ் இரண்டும் 600-இல் ஆரம்பிக்கும். போஷ் ஜிபிஓ 12 சிஇ 750-இல். மூன்றிலும் சுமை ஏறினால் வேகத்தைப் பிடித்து நிறுத்துகிற எலக்ட்ரானிக்ஸ் உண்டு. புதிதாக வாங்கினால் உன் பட்ஜெட் தாங்காது. இப்போதைக்கு மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு விலையில், 180 மில்லிமீட்டர் அளவில் வருகிற சாதா மெஷின்களில் மேலே சொன்ன மாதிரி பார்த்து ஒன்றை எடு. கற்றுக்கொள்ள அது போதும். சில மெஷினில் வேக டயலே இருக்காது, ஆன் ஆஃப் மட்டும்தான். இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மிச்சப் பணத்தில் முதல் செலவு பேக்கிங் பிளேட், அதாவது மெஷினில் பேடை மாட்டுகிற தட்டு. மெஷினோடு வருகிற ஏழு இஞ்ச் பிளேட் பலகை போல் விறைப்பாக இருக்கும், பேனல் வளைவில் ஓரம் குத்தும். ஐந்து இஞ்சில் வளைந்து கொடுக்கிற பிளேட் ஒன்று வாங்கி, அதில் ஆறு இஞ்ச் ஃபோம் பேட் மாட்டு. எம்14 மரையா என்று கேட்டு வாங்கு. கூடவே கயிறு கட்டுகிற மாதிரி ஒரு வுல் தொப்பி தருவார்கள், அதைக் குப்பையில் போடு. ஃபோம் பேட் கட்டிங் இரண்டு, ஃபினிஷிங் இரண்டு. ஒன்று சூடேறி, காம்பவுண்டு குடித்துச் சொதசொதவென்று ஆனதும் மாற்ற இன்னொன்று கையில் இருக்க வேண்டும். நைலான் பிரஷ், மாஸ்கிங் டேப், நல்ல எல்இடி டார்ச். டார்ச்சைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதே. டியூப் லைட்டில் ஹாலோகிராம் கண்ணுக்குத் தெரியாது, ஒரே புள்ளியிலிருந்து வருகிற வெளிச்சத்தில்தான் தெரியும். மாமா ஏமாந்ததே அங்கேதான்.

பழக மாமா வண்டியைத் தொடாதே. புதுப்பேட்டையில் அடிபட்ட பானெட் ஒன்று எடுத்து வந்து ஷெட்டில் ஸ்டாண்டு மேல் வை. கம்பெனி பெயிண்ட் மொத்தமாகவே பெரும்பாலான வண்டிகளில் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும், அதில் மேலே இருக்கிற நிறமில்லாத படலமான கிளியர் கோட் 35, 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் கம்மி. வெயிலைத் தாங்குகிற சக்தி முழுக்க அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. அதை ஓட்டை போடுவது எப்படி என்று அந்தப் பானெட்டில் வேண்டுமென்றே செய்து பார். ஓர மடிப்பில் பேடை வைத்து நகர்த்தாமல் பிடி. முதலில் சூடு ஏறும், அப்புறம் பளபளப்பு மங்கும், அப்புறம் பேடில் கலர் ஒட்டும், கடைசியில் அடியில் இருக்கிற பிரைமர் பல்லிளிக்கும். எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்று கை ஒருமுறை உணர்ந்துவிட்டால் பிறகு ஓரத்தில் டேப் ஒட்டாமல் மெஷினை ஆன் செய்ய மாட்டாய்.

பேடில் கலர் ஒட்டினாலே கிளியர் போய்விட்டது என்று பதறவும் வேண்டாம். பழைய அம்பாசிடர் மாதிரி கிளியர் கோட் இல்லாத பெயிண்டில் முதல் தேய்ப்பிலேயே கலர் வரும். ஆரம்பிக்கும் முன் ஓரமான இடத்தில் வெள்ளைத் துணியில் காம்பவுண்டு தொட்டுக் கையால் தேய்த்துப் பார்த்துக்கொள். நகத்தால் குறுக்கே இழுத்தால் மாட்டுகிற கீறலையும் துரத்திப் போகாதே, அது பாலிஷில் போகாது.

நம் ஏரியாவுக்கு மட்டும் ஒரு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் நிற்கிற வண்டியில் படிவது வெறும் தூசி இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல், நிலக்கரிப் பொடி, கடல் உப்பு, தண்டவாளம் பக்கத்தில் இருந்தால் ரயில் பிரேக்கிலிருந்து பறக்கிற இரும்புத் துகள். கொருக்குப்பேட்டையில் தண்டவாளம் பக்கத்தில் இல்லாத தெரு எது? இந்த இரும்பு பெயிண்டில் குத்தி உட்கார்ந்துவிடும், ஷாம்பு போட்டால் வராது. வண்டியைக் கழுவித் துடைத்தபின் கையில் ஒரு பாலிதீன் கவரை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பார். வெறும் கையில் வழவழவென்று தெரிந்த இடம் கவருக்குள் சொரசொரவென்று தெரியும். அயர்ன் ரிமூவர் அடித்தால் இரும்பு இருக்கிற இடமெல்லாம் ஊதாவாக வழியும். கழுவிவிட்டு கிளே பார் (களிமண் போல மெத்தென்ற கட்டி) போட்டுத் தேய். இதைச் செய்யாமல் ரோட்டரியை வைத்தால் அந்தத் துகளைப் பேட் பிடுங்கி எடுத்துக்கொண்டு பானெட் முழுக்க இழுத்துப் போகும். கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டாம், மெட்ரோ தண்ணீர் பிடித்து வை. நம் பக்கத்து போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும்.

தெருவில் வைத்தும் செய்யாதே. கண்டெய்னர் லாரி ஒன்று போனால் போதும், நீ தேய்த்துக்கொண்டிருக்கிற பேனலில் மண் விழும். ஷெட்டுக்குள், விடிகாலையில், பேனல் சில்லென்று இருக்கும்போது. லுங்கி கட்டிக்கொண்டோ தோளில் துண்டு போட்டுக்கொண்டோ இந்த மெஷினை எடுக்காதே. வயரை முதுகுப் பக்கமாகத் தோள் மேல் போட்டுக்கொள். சிரிக்காதே, துண்டு பேடில் சுற்றி மெஷின் கையை விட்டுப் பறந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மண்ணடி ஆர்மேச்சர் பாய்:

பெயிண்டர் அண்ணன் கிரைண்டர் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார், அது என் டிபார்ட்மெண்ட். தம்பி, நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடுவதற்காகச் செய்தது. உள்ளே கியர் விகிதமே அதற்குத் தகுந்ததுதான். வெளியில் ரெகுலேட்டர் வைத்து 1,000-க்கு இறக்கினால் வேகத்தோடு முறுக்கு விசையும் போய்விடும், பேனலில் வைத்ததும் நின்றுவிடும். அழுத்திப் பிடித்தால் கரண்ட் ஏறும். மோட்டாரைக் குளிர வைக்கிற விசிறி அதே தண்டில்தான் இருக்கிறது, அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். சூடு வெளியே போகாமல் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றுகிற கம்பிச் சுருள்) வெந்து என் கடைக்கு வரும். எனக்கு வியாபாரம், உனக்கு தண்டச் செலவு. பாலிஷரில் கியர் பெரிய விகிதத்தில் வேகத்தைக் குறைக்கிறது, அதனால் மோட்டார் வேகமாக ஓடும்போதே பேட் மெதுவாகச் சுற்றும். நல்ல மெஷினில் தண்டு வேகத்தை அளந்து மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிற சென்சாரும் இருக்கும். ரெகுலேட்டருக்கு அந்தப் புத்தி கிடையாது. மரையும் சேராது: நம் ஊர் நாலு இஞ்ச் கிரைண்டரில் எம்10, பாலிஷர் பிளேட்டில் எம்14. அடாப்டர் கிடைக்கும், வாங்கிவிடாதே.

சாதா மெஷின் வாங்கும்போது இரண்டு விஷயம் பார். பக்கவாட்டில் கார்பன் பிரஷ் மூடி ஸ்க்ரூ டிரைவரால் திறக்கிற மாதிரி இருக்கட்டும், அதே அளவு கார்பன் தனியாகக் கிடைக்கிறதா என்று கடையிலேயே கேட்டு ஒரு ஜோடி வாங்கிக்கொள். மெஷினை அணைத்துவிட்டு ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார், டொக்கு டொக்கு என்றால் பேரிங் ஆட்டம். பாலிஷ் வேலையில் அது அப்படியே பெயிண்டில் தெரியும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் கவனி. 1,200 வாட் மெஷின் ஐந்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். டிவிக்குப் போடுகிற மெல்லிய வயரைச் சுருட்டி வைத்தபடியே மாட்டினால் வயர் சூடாகும், மெஷினுக்கு வோல்டேஜ் குறையும். அப்புறம் மெஷின் மட்டம் என்று விற்றவனைத் திட்டுவாய். 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் வாங்கி, முழுக்கப் பிரித்துப் போட்டு ஓட்டு.

கொருக்குப்பேட்டை பையன்:

வாசுகி அக்கா, பெயிண்டர் அண்ணா, பாய், ரொம்ப நன்றி. கிரைண்டர் யோசனையை விட்டுவிட்டேன், அந்த அண்ணனுக்கு பாய் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். இன்னும் சில சந்தேகம். பம்பருக்கும் இதே வேகமா? ஷெட்டில் புதிதாக பெயிண்ட் அடித்த பேனலை எப்போது தொடலாம்? பழகினபிறகு மாமா வண்டியில் கோடு எடுக்க எங்கிருந்து ஆரம்பிப்பது?

மூலக்கடை பெயிண்டர்:

பம்பர் பிளாஸ்டிக். பானெட் தகடு சூட்டை வாங்கிப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பரப்பாது, சூடு தேய்க்கிற இடத்திலேயே நிற்கும். ஆரம்பத்தில் பம்பரை ரோட்டரியால் தொடாதே, கையால் செய். பிறகு செய்தாலும் 1,000-க்குக் கீழே, நிற்காமல் நகர்த்திக்கொண்டே. எந்தப் பேனலாக இருந்தாலும் இடையிடையே உள்ளங்கையை வைத்துப் பார். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியவில்லை என்றால் ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டாய்.

புது பெயிண்ட் எப்போது என்பது எந்தக் கிளியர், எந்த ஹார்டனர், பூத்தில் சூடு கொடுத்தார்களா என்பதைப் பொறுத்தது. டப்பாவோடு வருகிற தாளில் போட்டிருக்கும், சொந்தக்காரரிடம் அதைக் கேட்டு வாங்கிப் படி. மழைக்காலத்தில் அதில் போட்டிருப்பதைவிடக் கூடுதல் நேரம் விடு. பெயிண்டில் விழுந்து காய்ந்த தூசி முடிச்சை 2,000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, அதன் மேல் 3,000 போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. வுல் பேட் உனக்கு வேண்டியிருப்பது அங்கேதான். மேலே வேக்ஸோ கோட்டிங்கோ போடுவதை மட்டும் ஒரு மாதம் தள்ளி வை.

மாமா வண்டிக்கு வா. கட்டிங் பேடை எடுக்கவே எடுக்காதே. ஃபினிஷிங் ஃபோமும் நைஸ் பாலிஷும் போட்டு, பானெட்டில் இரண்டுக்கு இரண்டு அடி இடத்தை டேப்பால் பிரித்து, அங்கே மட்டும் செய். 600-இல் பரப்பு, 1,000, 1,200-க்கு ஏற்றி குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து தடவை போ, திரும்ப 700-க்கு இறக்கி மெஷினின் எடையை மட்டும் விட்டு இரண்டு தடவை. பேட் தட்டையாக உட்கார்ந்திருக்கட்டும், ஓரத்தைத் தூக்கிப் பிடிக்கிற ஸ்டைலெல்லாம் பிறகு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடைத்து எண்ணெயை எடுத்துவிட்டு டார்ச் அடி. கோடு மிச்சம் இருந்தால் வேகத்தை ஏற்றாதே, முதலில் பேடை மாற்றிப் பார், அப்புறம் பாலிஷை. அந்தச் சதுரம் வெயிலிலும் சுத்தமாகத் தெரிந்தபிறகுதான் மற்ற இடத்துக்குப் போக வேண்டும்.

பெரம்பூர் வாசுகி:

அந்தக் கடைசி மெதுவான சுற்றிலும் கோடு போகவில்லையென்றால், டிஏவை எடுத்துக்கொண்டு வருகிறேன். ரோட்டரியில் வெட்டி டிஏவில் முடிப்பது பெரிய கடைகளிலும் செய்வதுதான், பெயிண்டர் அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூலக்கடை பெயிண்டர்:

கோபமெல்லாம் இல்லை வாசுகி. நானும் கருப்பு வண்டி வந்தால் அப்படித்தான் முடிக்கிறேன், பையன் முதலில் மெதுவாக ஓட்டப் பழகட்டும் என்றுதான் சொல்லவில்லை.

கொருக்குப்பேட்டை பையன்:

அடுத்த லீவுக்குப் புதுப்பேட்டை போகிறேன் அண்ணா. பானெட் என்ன விலை சொல்லுவார்கள்?

மூலக்கடை பெயிண்டர்:

அடிபட்டு மடங்கினதைக் கேள், இரும்பு எடைக்குப் பேசலாம். நேராக இருப்பதைத் தூக்கினால் உதிரிபாக விலை சொல்லுவார்கள். மடிப்பு எங்கே இருந்தாலும் பரவாயில்லை, ஒரு பக்கம் இரண்டடி சமமாக இருந்தால் போதும். பட்டி போட்ட பானெட்டை மட்டும் எடுக்காதே, காந்தத்தை வைத்துப் பார், பட்டி கனமாக இருக்கிற இடத்தில் ஒட்டாது.